துண்டுக்கு அடியில் இரண்டு விரல்

நான் பதினோரு வருஷம் கால்பந்து ஆடியவன். ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கு ஒரு டீம் உண்டு. வாணியம்பாடி, பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர் என்று சுற்றுவட்டாரத்தில் ஆறு டீம்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஒரு கோப்பைக்கு ஆடும். பூட்ஸ் போட்டு ஆடுகிற பெரிய கோப்பை வேறு. எங்களுடையது வெறுங்கால் கோப்பை. இடது ஓரத்தில் ஓடுவது என் வேலை. ஓரத்தில் ஆடுகிறவனிடம் யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அதனாலேயே அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது.

குடியாத்தத்தில் நடந்த ஓர் ஆட்டத்தில் என் வலது முழங்கால் திருகிக்கொண்டது. எங்கள் கோலிதான் என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மாட்டுவண்டி கிடைக்கும் இடம் வரை நடந்தார். கோல் காப்பவரை நாங்கள் கோலி என்போம். என்னைவிட ஏழு வயது மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். வழியெல்லாம், "இன்னாடா இவ்ளோ கனமா இருக்கே, எலும்புல ஈயம் ஊத்தி வெச்சிருக்கியா" என்று திட்டிக்கொண்டே வந்தார். மூன்று மாதத்தில் எனக்கு நடக்க வந்தது. ஓட வரவில்லை. அந்த வருஷம் எங்கள் டீம் ஐந்து ஆட்டத்திலும் தோற்றது.

ஷாப்பில் நான் தோல் பிரிக்கிறவன். பதப்பட்டுக் காய்ந்து வரும் தோலைத் தொட்டு, தடவி, மடக்கிப் பார்த்து, ரகத்துக்கு ஏற்றபடி சாக்குக்கட்டியால் குறி போட்டு அடுக்குவது வேலை. ஒரு நாள் முதலாளி எங்கள் கொட்டகைக்கு வந்தார்.

"கால் எப்படி இருக்குது?"

"பரவால்லீங்க."

"இனிமே டீமை நீ பாத்துக்க. யாரு ஆடணும், யாரு எங்க நிக்கணும், எல்லாம் நீதான்."

"எனக்குப் பேச வராதுங்களே."

"தோலுகிட்ட பேசியா பிரிக்கிறே? தொட்டுப் பாத்துதானே பிரிக்கிறே. ஆளையும் அப்படியே பிரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு 'ஊமை மேனேஜர்' என்று பேர் வைத்துவிட்டார்கள்.

முதலாளி சொன்னதையே பிடித்துக்கொண்டேன். பாலாற்று மணலில் பயிற்சி நடக்கும்போது ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். மயிர் கழல தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் நிற்கிறவர்களின் பாதம் வெந்து மெத்தென்று இருக்கும். தோலைப் பதப்படுத்தும் ஆவாரம்பட்டைத் தண்ணீர்க் குழியில் நிற்கிறவர்களின் பாதமோ உள்ளே ஊறுகிற தோலைப் போலவே பதப்பட்டு இறுகியிருக்கும். மோதலும் உதையும் அதிகமுள்ள பின்வரிசையில் பட்டைக் குழிக்காரர்களை நிறுத்தினேன். லேசாகத் தட்டிக்கொண்டு ஓடுகிற முன்வரிசைக்குச் சுண்ணாம்புக் குழிக்காரர்கள். யாரையும் கூட்டி வைத்துப் பேசவில்லை. ஆற்றுக்குப் போகும் வழியில் ஒவ்வொருவராகக் கூட நடந்து, அவரவருக்கு வேண்டியதைச் சொன்னேன். டீம் மெல்ல ஒரு வடிவத்துக்கு வந்தது.

கோல் மட்டும் சரியாகவில்லை. அண்ணாவும் சுண்ணாம்புக் குழிக்காரர்தான். இருபது வருஷமாக, குழியிலிருந்து எடுத்த தோலை மரக்கட்டையின் மேல் போட்டுக் கத்தியால் மயிர் வழித்தவர். அவர் குரல் எழுந்தால் பாலாற்றின் அக்கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும். பந்து வருகிற திசையும் அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஆனால் கைக்கு வந்த பந்து நிற்பதில்லை, நழுவிக் காலடியில் விழுந்தது. பட்டை இடிக்கிற பகுதியில் இருபத்துநாலு வயதில் ஓர் ஆள் இருந்தான். அவன் கையில் விழுந்த பந்து ஒட்டிக்கொள்ளும். யார் நிற்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை அண்ணாவிடம் சொல்வதுதான் முடியவில்லை. பத்து பேருக்கு நடுவில் சொன்னால் அவர் அதன் பிறகு ஆற்றுப் பக்கமே வரமாட்டார். தனியாகச் சொல்லலாம் என்று இரண்டு முறை கூட நடந்தேன். இரண்டு முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன்.

பிறகு எழுதிக் காட்டிவிடலாம் என்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். கழித்துப் போட்ட தோல் ஒன்றின் உள்பக்கத்தில் பதினோரு பேரையும் சாக்குக்கட்டியால் எழுதி, அண்ணா பேர் இல்லாமல், கொட்டகை வாசலில் சாய்த்து வைத்தேன். சாப்பிட்டு வருவதற்குள் கட்டுப் போடுகிறவர்கள் அதைச் சுருட்டி மற்ற தோல்களோடு சேர்த்து மதராஸுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் டீம் இல்லாமலே எங்கள் டீமின் பட்டியல் பட்டணம் போய்ச் சேர்ந்தது.

முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று பச்சைத் தோல் விற்க வந்த தரகரும் எங்கள் முதலாளியும் வாசலில் நின்று விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்பது பேச்சுக்குத்தான். எங்கள் பக்கத்தில் தோலுக்கும் மாட்டுக்கும் விலையை வாயால் சொல்வதில்லை. இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஒருவர் கேட்பார், மற்றவர் குறைப்பார், சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. படிந்தால் கையைக் குலுக்கித் துண்டை எடுத்துவிடுவார்கள். அதற்கப்புறம் விலை மாறக் கூடாது. எத்தனையோ தடவை பார்த்ததுதான். அன்று பார்த்தபோது எனக்கு வழி கிடைத்தது.

மத்தியானம் அண்ணா கைகால் கழுவிவிட்டுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கூட நாலைந்து பேர்.

"இன்னாடா, பேதி மருந்து குடிச்சவன் மாதிரி நிக்கிறே?" என்றார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் கை மேலும் என் கை மேலும் போட்டேன்.

அவர் சிரித்தார். "என்னை விக்கப் போறியா? பல்லைப் பாத்துக்க, ஒண்ணும் கொட்டலை."

"கெழட்டு மாடு, கம்மி வெலைக்குத் தள்ளி வுட்டுருப்பா" என்றான் ஒருவன்.

நான் அண்ணாவுக்கு மட்டும் கேட்கும்படி, "அஞ்சு ஆட்டம் இருக்குதுண்ணா" என்றேன். அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். கோலில் அவர் நிற்க ஓர் ஆட்டம்.

அவர் சிரிப்பு நின்றது. என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார். அப்போதுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. அவருடைய மூன்று விரல்கள் பாதிக்கு மேல் மடங்கவில்லை. சுண்ணாம்பு தின்ற தோல், காய்ந்துபோய் விறைத்துக் கிடந்தது. பார்க்கிறவனிடம் மறைக்கலாம், தொடுகிறவனிடம் மறைக்க முடியாது. நான் கண்டுகொண்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் எதிரே இருந்த குழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மறுபடி ஒன்று. அவர் நாலு. நான் ஒன்று. அவர் மூன்று. இரண்டைப் பிடித்தேன், பிடித்தபடியே இருந்தேன்.

அவர் கையைக் குலுக்கினார். துண்டை எடுத்தேன்.

"இன்னா வெலைக்குண்ணா போச்சு?" என்று கேட்டான் அந்தக் கேலிக்காரன்.

"உன்னையும் உங்க அப்பனையும் சேத்து வித்தாலும் கட்டாத வெலை" என்று சொல்லிவிட்டு அண்ணா எழுந்து போனார். அன்று சாயங்காலம் எப்போதும் போலப் பயிற்சிக்கு வந்தார்.

முதல் ஆட்டம் வாணியம்பாடியோடு. இரண்டு கோலில் தோற்றோம். ஒரு கோல் அவர் கையிலிருந்து நழுவியது.

இரண்டாவது ஆட்டம் வேலூரில், கோட்டைக்கு வெளியே இருந்த மைதானத்தில். காலையிலிருந்து தூறல். பந்து தண்ணீர் குடித்துக் கல்லாகிவிட்டது. அண்ணா அன்று விரலை நம்பவில்லை. பிடிக்க வேண்டிய பந்தையெல்லாம் இரண்டு முஷ்டியாலும் குத்தி அனுப்பினார். குத்த முடியாததை மார்பிலும் வயிற்றிலும் வாங்கிக்கொண்டு மேலே விழுந்து படுத்தார். "வாடா, இன்னும் வா" என்று வேலூர்க்காரர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் ஒரு கோல் போட்டோம். அவர்கள் போடவில்லை. இரண்டு வருஷத்தில் எங்கள் முதல் வெற்றி.

காட்பாடியில் ரயில் ஏறினோம். சேற்றோடு அண்ணா நடுவில் உட்கார்ந்திருந்தார். "இனிமே எல்லா ஆட்டத்துக்கும் அண்ணன்தான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பட்டை இடிக்கிறவன்கூடச் சொன்னான், மனதாரத்தான் சொன்னான். எனக்கும் மனசு இளகிவிட்டது. குடியாத்தம் தாண்டியதும் துண்டை அவர் கை மேல் போட்டு, ஒரு விரலைப் பிடித்தேன். இன்னும் ஓர் ஆட்டம்.

அவர் என் விரலைப் பிரித்து எடுத்து, என் உள்ளங்கைக்குள்ளேயே மடக்கி வைத்தார்.

"குலுக்கின கைடா. மாத்தக் கூடாது" என்றார் மெதுவாக. பிறகு துண்டை எடுத்து முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அடுத்த ஆட்டத்துலேர்ந்து பட்டை இடிக்கிறவன் நிக்கட்டும். நான் நின்னா மத்த டீம்காரன் ரொம்ப பேஜாராவுறான், பாவம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டு விலகுகிறார் என்றுதான் நினைத்தார்கள். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார்கள். இதைப் படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரிவதில் ஆட்சேபமில்லை என்று அவரே சொன்னதால் எழுதுகிறேன்.

அந்த வருஷம் மூன்றாவதாக வந்தோம். கோப்பையை இதுவரை வாங்கியதில்லை. ஒரு தடவை இரண்டாவது வந்ததோடு சரி. எனக்கு வயது நாற்பத்தாறு ஆகிறது, டீமை இன்னும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வேலூருக்கு அடுத்த ஆட்டத்துக்கு அண்ணா வரமாட்டார் என்று பயந்திருந்தேன். வந்தார். கோலுக்குப் பின்னால் என் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் ஒரு வார்த்தையை முணுமுணுத்தேன், அவர் அதை மைதானத்துக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு.

போன ஞாயிற்றுக்கிழமை பேரணாம்பட்டோடு ஆட்டம். எங்கள் பின்வரிசை ஆள் ரொம்பவும் முன்னால் ஏறிப் போய்விட்டான். "கொஞ்சம் பின்னால வரச் சொல்லுங்கண்ணா" என்றேன். அண்ணா கையைக் குவித்துக்கொண்டு, "டேய், பின்னால வாடா, உங்க மாமியார் வீடு அந்தப் பக்கமில்லை" என்று கத்தினார். மாமியாரை நான் சொல்லவில்லை. ஆனால் அவன் உடனே திரும்பி வந்தான்.