குறட்டைக்கு யார் சாட்சி?

செபராங் ஜெயாவில் சிவப்பு விளக்கு. காரை நிறுத்தினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது, பின்னால் நின்ற லாரியின் ஹார்ன்... காலை வெயிலில், ஆபீஸ் போகிற வழியில், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டேன்!

பயந்துபோய் நேராக கிளினிக்குக்குப் போனேன். எழுந்ததுமே தலைவலி, நாள் முழுக்க அசதி, மாத்திரைக்கும் இறங்காத பிரஷர் — எல்லாம் சொன்னேன்.

“தூங்கும்போது கொறட்டை விடுவீங்களா ஆன்ட்டி? நடுவுல மூச்சு நிக்குதா?” என்று கேட்டார் இளம் டாக்டர்.

“தூங்குறவளுக்கு அது எப்படிம்மா தெரியும்?”

“வீட்டுல யாரையாச்சும் கேட்டுப் பாருங்களேன்.”

யாரைக் கேட்பது? கணவர் இருந்தவரை அவருடைய குறட்டைதான் வீட்டில் பேச்சு. அவர் போய்விட்டார். மகன் சிங்கப்பூரில். ஜார்ஜ் டவுன் ஃபிளாட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட இப்படித் தனியாக உணர்ந்ததில்லை. நான் எப்படித் தூங்குகிறேன் என்று சொல்ல உலகத்தில் ஒருத்தர்கூட இல்லையா?

மாலையில் லிஃப்டில் பக்கத்து வீட்டு மேரி அக்கா. ஓய்வுபெற்ற டீச்சர், அவரும் தனிக்கட்டை. ‘சாப்டாச்சா’ என்பதைத் தாண்டி நாங்கள் பேசியதில்லை. அன்று ஏனோ எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

“என்னைக் கேட்டிருக்கலாம் லா! நம்ம சுவரு பேப்பர் மாதிரி. எனக்குத்தான் தூக்கமே வராதே... உங்க கொறட்டையைக் கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். திடீர்னு நின்னுரும். அப்புறம் மூச்சு முட்டுற மாதிரி ஒரு சத்தம், மறுபடி ஆரம்பிக்கும். அதுவரைக்கும் உயிரே எங்கிட்ட இருக்காது.”

“ஏன்க்கா ஒரு வார்த்தை சொல்லல?”

“ஒரு பொம்பளகிட்ட போயி, நீங்க கொறட்டை விடுறீங்கன்னு எப்படி லா சொல்றது?”

நியாயம்தான். குறட்டையை ஆண்களுக்கே எழுதிக் கொடுத்துவிட்டோமே!

அக்காவையே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். பரிசோதனையில் தெரிந்தது — எனக்கு ஸ்லீப் ஆப்னியா. தூக்கத்தில் மூச்சு திரும்பத் திரும்ப நின்றுபோகும் கோளாறு. விட்டால் இதயத்தையே பதம் பார்க்குமாம். ‘வயசானா அப்படித்தான்’ என்று அக்கா ஒதுக்கிவைத்திருந்த தூக்கமின்மைக்கும் சிகிச்சை உண்டு என்றார் டாக்டர்.

இப்போது மூக்கில் மாஸ்க், பக்கத்தில் காற்றை ஊதும் சின்ன மெஷின். தலைவலி போச்சு. குறட்டையும் போச்சு. அக்காவுக்குத்தான் புதுக் கவலை.

“ஒரு சத்தமும் கேக்கல. நீங்க இருக்கீங்களா, இல்லையான்னே தெரியல லா.”

அதனால் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுவரைத் தட்டுகிறேன். அந்தப் பக்கமிருந்து பதில் தட்டு வந்த பிறகுதான் காப்பி!