மரியதாசனுக்காக ஒரு மன்றாட்டு

மற்றவருடைய பயத்தை நம்முடைய கையெழுத்தில் எழுதிக் கொடுப்பதுதான் ஆலோசனை நிலைய வேலை. எண்பதுகளின் கடைசியில், லண்டன் டூட்டிங்கில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அறையில் நான் அதைச் செய்தேன். கவுன்சில் வீடு, அரசாங்க பெனிபிட் காசு, விசா என்று யாருக்காவது படிவம் நிரப்பி நொந்துபோயிருக்கிறீர்களா? அப்படியென்றால் உங்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. பாராளுமன்றத்துக்கே மனு எழுதிய எட்டு நாட்களை மட்டும் சொல்கிறேன்.

எந்தப் பெயர்?

ஒரு வெள்ளிக்கிழமை ரெஜினா படியேறி வந்தாள். மன்னார்ப் பெண், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவளுடைய கணவன் மரியதாசனைக் குடிவரவு அதிகாரிகள் பிடித்துத் தடுப்பு முகாமில் வைத்திருந்தார்கள். அடுத்த வாரச் சனிக்கிழமை காலை கொழும்புக்கு விமானம் என்றது கடிதம். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வழக்கறிஞர் கையை விரித்துவிட்டார். எங்கள் பகுதி எம்.பி. மட்டும், ஊர்ச்சனம் கையெழுத்திட்ட மனு ஒன்று கொண்டுவந்தால் சபையில் வைப்பதாகவும் அமைச்சரிடம் பேசிப்பார்ப்பதாகவும் சொன்னார்.

அந்த மனுவைக் கையால்தான் எழுதவேண்டும். ஓரிடத்திலும் வெட்டக்கூடாது, திருத்தக்கூடாது. எழுத்துப் பிழைத்து மூன்று தாள் கெட்டது. நான்காவது தாளில், பெயர் எழுதும் இடத்தில் பேனாவை நிறுத்தினேன். அதிகாரிகளின் கடிதத்தில் இருந்தது, ஆளைக் களவாக அனுப்பிவைத்த ஏஜென்ட் கொடுத்த பாஸ்போர்ட்டில் இருந்த யாரோ ஒருவருடைய பெயர். எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்டேன். ரெஜினா யோசிக்கவேயில்லை.

"அந்தப் பேர்க்காரனை வேணுமெண்டா அவை அனுப்பட்டும் அக்கா. என்ரை மனுசனை விடச்சொல்லி எழுதுங்கோ."

பணிவுடன்

பழைய சம்பிரதாயப்படி மனு 'பணிவுடன் மன்றாடுகிறோம்' என்றுதான் முடியவேண்டும். ஒரு சொல் மாறினாலும் ஏற்கமாட்டார்கள். சனிக்கிழமை மரக்கறிக் கடை வாசலில் நின்று கையெழுத்துக் கேட்டோம். சபாரத்தினம் ஐயா பையைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் வாசித்தார். யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் போட்டால் பின்னால் நிற்கிற பத்துப் பேர் போடுவார்கள். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

"வெள்ளைக்காரன் எங்களை விட்டிட்டுப் போய் நாப்பது வருசம். அவன்ரை வாசலுக்கு வந்து இன்னும் மன்றாடுறதோ?" என்றார். வரிசையில் இரண்டு பேர் நழுவிப் போனார்கள். ரெஜினா பேனாவை நீட்டியபடியே நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு வாங்கி நிதானமாகக் கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நானும் முப்பது வருசம் சனத்தின்ரை மன்றாட்டுகளை வாங்கி பைலுக்குள்ள போட்டவன், பிள்ளை. பைலை ஆரும் திறந்து பாக்கவேணுமெண்டு நேந்துகொள்."

ஒரே கை

தாள்களைப் புதன்கிழமை எம்.பி.யின் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். செவ்வாய் பின்னேரம் வடலண்டன் எட்மண்டனில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே குடியிருந்தவர்களிடம் வாங்கச் சொல்லி ஒரு தாளை விட்டிருந்தோம். வீட்டுக்கார அம்மா மலர்ந்த முகத்தோடு அதை எடுத்து வந்தார். ஒன்பது பெயர், ஒன்பது கையெழுத்து, எல்லாம் ஒரே கை. 'ந' எழுதும்போது வால் ஒரே மாதிரி வளைந்திருந்தது.

ஒருவருக்காக இன்னொருவர் போட்டது தெரிந்தால் முழு மனுவையும் தள்ளிவிடுவார்கள். "என்ன அக்கா செய்து வைச்சிருக்கிறியள்? ஒரு மனுசன்ரை உயிர் இது!" என்று கத்திவிட்டேன். மேலே அறைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆண்கள் படியில் வந்து நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி அவரே கிழித்தார்.

"எனக்கு மட்டும்தான் தங்கச்சி இஞ்ச விசா இருக்கு. இவைக்கெல்லாம் கேஸ் நடக்குது, தங்கடை கையால போடப் பயம். அதுதான் அவையின்ரை பயத்துக்கும் சேர்த்து நானே போட்டன்."

மேல்மாடம்

வேறு தாளில் அவர் போட்டுத் தந்த ஒற்றைக் கையெழுத்தையும் சேர்த்து, கொடுக்கவேண்டிய நாளில் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை காலை ரெஜினாவும் நானும் பாராளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். விமானத்துக்கு இன்னும் ஒருநாள் முழுதாக இல்லை. பேசக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது என்று காவலர் முதலே சொல்லிவிட்டார். கீழே பச்சை இருக்கைகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தன. இருந்தவர்களில் ஒருவர் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் எம்.பி. எழுந்தார். மரியதாசனின் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொன்னார், மனுவின் கடைசிப் பகுதியை வாசித்தார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பிறகு நடந்துபோய், சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய ஒரு பைக்குள் எங்கள் தாள்களைப் போட்டார். அடுத்த ஆள் எழுந்து வேறு ஏதோ பேசத் தொடங்கினார். ரெஜினா என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"அவ்வளவுதானோ அக்கா?"

சனிக்கிழமை

சபையிலிருந்து எம்.பி. நேரே அமைச்சரின் அலுவலகத்துக்குப் போனார் என்று பிறகு அறிந்தோம். அன்று பின்னேரம் வரை பதில் இல்லை. சனிக்கிழமை காலை ரெஜினா என் வீட்டு போனுக்குப் பக்கத்தில் செபமாலையோடு இருந்தாள். விமானம் புறப்படும் நேரம் வந்தது, தாண்டியது. நான் தேத்தண்ணி ஊற்றி வைத்தேன், ஆறிப்போனது. அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

பதினொன்றரைக்கு போன் அடித்தது. எடுக்கச் சொன்னேன், மாட்டேன் என்று தலையாட்டினாள். நான்தான் எடுத்தேன். தடுப்பு முகாமில் காசு போட்டுப் பேசும் போனிலிருந்து மரியதாசனின் குரல், யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல மெதுவாகப் பேசியது:

"பிளேன் வாசல் வரைக்கும் கொண்டுபோட்டுத் திருப்பிக் கொண்டுவந்திட்டினம். ஏனெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா. கேக்கவும் பயமாயிருக்கு."

பிறகு கேஸை மீண்டும் பார்த்து, மரியதாசனை முதலில் ஒரு வருடம், அடுத்து இன்னொரு வருடம் என்று இருக்கவிட்டார்கள். ஆனால் மனுவுக்கு வந்த அச்சடித்த பதிலில் 'நடவடிக்கை எடுப்பதற்கில்லை' என்றே இருந்ததால், அவரைக் காப்பாற்றியது அந்த மன்றாட்டுத்தான் என்று நிரூபிக்க இன்றுவரை எனக்கு ஏலாது.