மணமேடை ஏறிய புல்வெட்டி வண்டி

கண்ணமங்கலம் சாலையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு புல்வெளி இருக்கிறது. வரவேற்பு, பிறந்தநாள் என்று வாடகைக்கு விடுகிறோம். நிர்வாகம் முழுக்க என் மனைவி. நான் புல்வெட்டி வண்டியின் ஓட்டுநர். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி. பழசுதான், வேலூரில் நான் அடம்பிடித்து வாங்கியது. ஆரணிக்குள் ஸ்கூட்டர் எடுத்தால் பஸ்காரர் தொடங்கி ஆட்டோக்காரர் வரை என்னைத் திட்டுவார்கள். இதில் போனால் குறுக்கே வருவது மைனாக்கள் மட்டும்தான்.

வண்டியின் வயிற்றுக்குக் கீழே கவிழ்த்த தாம்பாளம்போல ஒன்று தொங்கும். டெக் என்பார்கள். பிளேடு அதற்குள்தான் சுற்றும். போன மாதம் அது ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. போகிற தடமெல்லாம் இடது ஓரம் மொட்டை, வலது ஓரம் கிராப்பு. மாடல் பெண்ணோடு படம் எடுக்க வந்த புடவைக் கடைக்காரர் தரையையே வெகுநேரம் பார்த்தார். "சார், நான் பொடவை விக்க வந்துகிறேன். உங்க புல்லுல கீற பார்டர் என் பொடவையில இல்லியே" என்று சொல்லிவிட்டு வேறு இடம் தேடிப் போனார்.

அன்று சாயங்காலமே மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வரவேற்பு. அதற்குள் புல் சமமாகவில்லை என்றால் வண்டி வந்த வழியே வேலூருக்குத் திரும்பிவிடும். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, மூன்றாம் முறை போட்டுக்கொண்டது இறங்கவில்லை.

மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னாள். நான் கூப்பிடுவேனா? வண்டியை முன்வாசல் சிமென்ட் தரையில் நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றுப் பார்த்தேன். இன்ஜின் தப்பித்தவறிக் கிளம்பிவிடாமல் பிளக் வயரைக் கழற்றினேன். என் விரல்கள்மேல் எனக்குப் பிரியம் உண்டு. டெக்கின்மேல் ரசமட்டத்தை வைத்து, அதன் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை நட்டுகளைத் திருகினேன். குமிழியைப் படம் பிடித்து அடுப்படியில் இருந்தவளுக்கு அனுப்பிவைத்தேன்.

பிறகு புல்லில் ஓட்டிப் பார்த்தேன். முன்பு பார்டர். இப்போது படிக்கட்டு.

மறுநாள் காலை அவள் வாசல் கழுவினாள். நான் வண்டிக்குப் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். வாளித் தண்ணீர் என் காலை நனைத்துவிட்டு மூலைக்கு ஓடியது. அவள் துடைப்பத்தை நிறுத்தினாள்.

"ஏங்க, தண்ணி எங்க போவுது பாருங்க."

"ஈசானியத்துக்கு."

"யாரு அப்படி போடச் சொன்னது?"

நான்தான். வாசல் தண்ணீர் வடகிழக்கில் வழிந்தால்தான் வீட்டில் லட்சுமி தங்குவாள் என்று கொத்தனாரைப் பேஜார் பண்ணி, போட்ட தரையைப் பெயர்க்கவைத்து, இன்னும் வாட்டம் கொடு என்று நின்றவன் நான். சக்கரங்கள் சரிவில் நிற்க, டெக்கை மட்டும் ரசமட்டத்துக்கு நேராக்கினால், சமமான புல்லில் அது கோணாமல் என்ன செய்யும்?

வாட்டமே இல்லாத தரை எங்கே? மணமேடை என்றாள் அவள். பெண், மாப்பிள்ளை நாற்காலி ஆடக்கூடாது என்று மட்டமாகப் போட்டது. சக்கர நாற்காலிக்காக விட்டிருந்த சரிவுப் பாதையில் வண்டியை ஏற்றினோம். தள்ளியது நான், ஜல்தி என்று சொன்னது அவள். மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றிப் பார்த்தாள். எந்தப் பக்கமும் ஓடாமல் பரவி நின்றது.

என் வயிற்றை வைத்துக்கொண்டு குனிய முடியாது. அவளே பாய் விரித்துப் படுத்து, கையுறை மாட்டி, பிளேடைக் குறுக்காகத் திருப்பி, இரண்டு முனையும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று செல்போன் வெளிச்சத்தில் அளந்து சொன்னாள். நான் நட்டைத் திருகினேன். முன்பக்கம் ஒரு துளி தாழ்வாக இருக்கட்டும் என்றேன். அன்று நான் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான்.

மேடை அலங்காரத்துக்கு அளவெடுக்க வந்த பூக்காரர் திகைத்து நின்றார். "இன்னா சார், வண்டிக்கா கல்யாணம்?"

"ஆமாங்க. எங்க வூட்டுக்காருக்கும் இதுக்கும்" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

புல்லில் ஒரு தடம் ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். ஓரம் எங்கே என்றே தெரியவில்லை. அவள் வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். வண்டி இருக்கட்டும் என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எறங்குங்க."

"ஏன்?"

"படுத்துகினு அளந்தது நானு. ஓட்டிப் பாக்க வேணாமா?"

முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினாள். ஒரு சுற்று என்றுதான் சொன்னாள். வெயில் ஏறியது, புல்வெளி முழுவதும் முடிந்தது, மாமரத்தடிகூட முடிந்தது, அவள் இறங்கவில்லை. இப்போதெல்லாம் அவள்தான் ஓட்டுகிறாள். நான் முன்னால் நடந்து பேப்பர் கப் பொறுக்குகிறேன். விசேஷத்துக்கு மறுநாள் அதுவும் லேசான வேலை இல்லை.