மடிப்பு கொடுத்த குச்சி

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயரே 'மடிப்பு'தான். பதினாறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மடிக்கிறவர். அதில் பதினாலு வருஷம் மறுமுனையைப் பிடித்தவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இரண்டு பேர் மடிக்கும்போது ஒரே ஒரு கண்டிப்பு: எதிராளி முனையை வாங்கிக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லும்வரை கையை விடக் கூடாது. விட்டால் துணி தரைக்குப் போகும், தரைக்குப் போனது மறுபடி துவைக்கப் போகும்.

இப்போது மச்சினன் மெஷின் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். பேச்சு வார்த்தை அறுந்து இரண்டு வருஷம். மாமியாருக்கு, அதாவது அவன் அம்மாவுக்கு, மூச்சு இழுக்கிறது என்று அப்போது ஒரு நாள் ஆபீஸ் அறைக்கு போன் வந்தது, எடுத்தவர் இவர். திரும்பி வந்தால் விரிப்பின் அந்த முனையில் அவன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம்தானே, முடிக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார். இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

ஊழியர் விளையாட்டு விழாவுக்கு சூப்பர்வைசர் எழுதி ஒட்டிய தொடர் ஓட்டப் பட்டியலில் மூன்றாவது இவர், நாலாவது அவன். கேட்டதிலிருந்து மனைவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"குச்சியைக் குடுக்கறப்போ ஒரு வார்த்தை பேசிடுங்க. எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"ஓடறப்போ மூச்சு வாங்குமா, பேச்சு வருமா?"

"எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

மைதானத்தில் வேன் டிரைவர் முதலில் ஓடினார். அடுத்து இஸ்திரி அக்கா. "மடிப்பண்ணே, தொப்பையைக் கழட்டி இங்கயே வச்சுட்டு ஓடுங்க!" என்று யாரோ கத்த, கூட்டம் சிரித்தது. அக்கா கொடுத்த குச்சியோடு அவர் ஓடினார். நெஞ்சு எரிந்தது. ஆனாலும் சமையல்கூடத்து ஆளை நாலு எட்டு பின்னால் தள்ளியிருந்தார்.

மச்சினன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி நின்றான். அந்தக் கையில் குச்சியை வைத்தார். "மாப்ளே..." என்றார். அவன் விரல்கள் மூடின. குச்சி நகர்ந்தது.

"ஆச்சு" வரவில்லை.

அவர் கை விடவில்லை. வேண்டுமென்று இல்லை; பதினாறு வருஷத்துக் கை. அவன் இழுக்க, இவர் பிடிக்க, இரண்டு பேரும் ஒரே குச்சியில் தடுமாறி ஓட, அது தெறித்து மண்ணில் விழுந்தது. சமையல்கூடத்து ஆள் தாண்டிப் போனான். பின்னாலேயே இன்னும் இரண்டு பேர்.

மச்சினன் குனிந்து குச்சியை எடுத்தான். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"இதைக்கூட நேரத்துக்குக் குடுக்க முடியலையா உங்களால?"

மாமா என்ற வார்த்தை அதில் இல்லை. ஓடிக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவன், குச்சியைக் கோட்டில் போட்டுவிட்டு அப்படியே வெளியேறினான்.

வீட்டுக் கதவு தட்டுவதற்கு முன்பே திறந்தது. மனைவி அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பேசினானா?"

"பேசினான்."

"அப்போ வந்துடுவான்! எனக்குத் தெரியும் அவனை." அலமாரியைத் திறந்து, தம்பி வந்தால் படுக்கும் மெத்தைக்கென்று எடுத்து வைத்திருந்த புது விரிப்பை உதறினாள். "அந்தப் பக்கம் பிடிங்க."

அவர் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டார். விரித்து முடிக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம்.