மூணு வாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் ‘பாம்புக்காது’ என்று பேர் வைத்தவன் நான்தான். அடுத்த தெருவில் எறும்பு தும்மினால், ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவார். பகலில் டப்பா கம்பெனியில் தகரம் வெட்டும் பிரஸ் மெஷின், இருபத்திரண்டு வருஷமாக. வீட்டுக்கு வந்தால் பாட்டுக் கேட்க, பழைய ரேடியோ மாதிரி வால்வு ஆம்பிளிபையர் கட்டுவார். அதுவும் மூன்றே வாட். கொசு கொட்டாவி விட்டால் அதைவிடச் சத்தம் வரும்.

“மூணு வாட்டுக்குச் சாதா ஸ்பீக்கர் அசையாது மாப்ள. கையைக் குவிச்சுக் கூப்பிட்டா எட்டூருக்குக் கேக்குதில்ல, அதான் ஹாரன்” என்பார்.

பீரோ உயரத்துக்கு மரப்பெட்டி, உள்ளே மடித்து மடித்துப் போகும் வழி, முன்னால் ஒரே ஒரு ஸ்பீக்கர். குரலும் அதுதான் பாட வேண்டும், மேளமும் அதுதான் இடிக்க வேண்டும். தப்பான ஸ்பீக்கரைப் பொறுக்கிவிட்டால் மூடி மறைக்கக் கூட இன்னொரு ஸ்பீக்கர் கிடையாது. அதனால் எல்லோரும் அவர் காதை நம்பித்தான் வாங்கினார்கள். அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான்.

பல் டாக்டர் ஒருவர் பெட்டி கேட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரை உட்காரவைத்து, மாமா மூன்று ஸ்பீக்கரை மாற்றி மாற்றி மாட்டினார். ஒரு பெண் பாடும் பாட்டு.

முதலாவதுக்கு, “கம்பளியைப் போத்திக்கிட்டுப் பாடுது” என்றார் மாமா. இரண்டாவதுக்குச் சளி பிடித்திருக்கிறதாம்.

மூன்றாவது பாடியதும் டாக்டர் தாடையைப் பிடித்துக்கொண்டார். ஊரார் பல்லில் அவர் போடும் துளையை அன்று யாரோ அவர் காதில் போட்டார்கள்.

மாமா கண்ணை மூடிச் சிரித்தார். “இப்பத்தான் திரை விலகுச்சு.”

“திரை இல்ல மாமா, என் செவிப்பறை விலகுச்சு.”

“போடா மாட்டுக்காது.”

“கொஞ்சம் கீச்சுன்னு இல்லீங்களா?” என்று டாக்டர் இழுத்தார்.

“கீச்சா? பல்லு மெஷின் பக்கத்துலயே நின்னு உங்க காது கெட்டுப்போச்சு டாக்டர்.”

அக்கா மூலையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“மாமா, அக்கா காதைப் பாருங்க. பஞ்சா அது? ரெண்டு தலகாணியையே அடைச்சு வெச்சிருக்கு.”

மாமா பாட்டை நிறுத்தினார்.

“எப்பலேருந்து?”

அக்கா பஞ்சை எடுத்தாள். “ரெண்டு வருஷமா. குக்கர் விசில் உங்களுக்குக் கேக்கலன்னு தெரிஞ்சதுலேருந்து.”

“ஏன் சொல்லல?”

“சொன்னேன். கேக்கல.”

நான் சிரித்துவிட்டேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

மாமா அவள் பக்கம் திரும்பி, “எது நல்லா பாடுதுன்னு நீயே சொல்லு” என்றார்.

“மொதல்ல மாட்டினது.”

மூன்றாவதைக் கழற்றி அதை மாட்டினார். பாட்டைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். நிமிர்ந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“எடுத்துட்டுப் போங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் தெளிவா கேக்கல. அப்ப நல்லாத்தான் இருக்கும்.”