சொதி காத்திருக்காது

இந்த ஊரில் காலையில் அடுப்பை மூட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் வந்து கதவைத் திறந்தால் குழம்பு கொதித்து முடிந்து காத்திருக்கிறது. ஸ்லோ குக்கர் என்று அதற்குப் பெயர். கனத்த பீங்கான் சட்டி, அதைச் சுற்றி ஒரு மின்கம்பிச் சுருள், மேலே கண்ணாடி மூடி, அவ்வளவுதான். வின்னிபெக்குக்கு வந்த முதல் குளிர்காலத்தில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்குத் தீயணைப்பு வண்டிதான் ஞாபகம் வந்தது. தென்காசியில் இப்படி ஒருத்தி செய்திருந்தால் தெருவே கூடிப் பூட்டை உடைத்திருக்கும். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்தவள், இங்கே ஹீட்டர்களின் தெர்மோஸ்டாட்டைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை. அதனால் ஒரு பழைய குக்கரை வாங்கிவந்து, அடிப்பாகத்தைக் கழற்றிப் பார்த்தேன். இரண்டு குண்டு பல்புக்கு மேல் மின்சாரம் இழுக்கவில்லை. பிறகுதான் நம்பினேன்.

பட்டறையில் என் பக்கத்து மேசையில் டோரதி. கோழி ஸ்டூ செய்யச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அவள் சொன்னதை நான் வரிசைப்படுத்திக்கொண்டது இப்படி. கிழங்கும் காரட்டும் டர்னிப்பும் அடியில், ஏனென்றால் இந்தச் சட்டியில் கறியைவிடக் காய்தான் வேக நேரமெடுக்கும். அதன்மேல் எலும்போடு கோழித் தொடை. வெங்காயம், செலரி என்கிற ஒரு வாசனைத் தண்டு, உப்பு, மிளகு, கொஞ்சமாகத் தண்ணீர். பட்டாணி கடைசியில். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது, ஒருமுறை திறந்தால் சேர்த்துவைத்த சூடு எல்லாம் போய்விடும். இதில் இஞ்சியும் பச்சைமிளகாயும் சேர்த்தது என் வேலை. இறக்கும்போது சீனாக்காரர் கடையில் கிடைக்கும் தேங்காய்ப்பால் டின் ஒன்றை உடைத்து ஊற்றியதும் என் வேலை. நாங்கள் சைவம். ஆனால் மூக்கிலிருந்து வரும் மூச்சு மீசையில் உறையும் ஊரில், முட்டைக்கோஸை மட்டும் நம்பி என் கணவரும் நானும் ஒரு மாதம்தான் தாக்குப்பிடித்தோம். இதை வாசிக்கும் ஊர்க்காரர்கள் முகம் சுளிக்கலாம். இங்கே வந்து ஒரு ஜனவரி இருந்துவிட்டுச் சுளியுங்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றிய அந்த வெள்ளைக் குழம்பை முதன்முதலில் பார்த்தபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். பார்வைக்கு அது சொதியேதான். திருநெல்வேலிப் பக்கம் வந்திராதவர்களுக்குச் சொல்லவேண்டும். சொதி என்பது எங்கள் வீடுகளில் கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் சாப்பாடு. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய் எல்லாம் இரண்டாம், மூன்றாம் தேங்காய்ப்பாலில் வேகும். கெட்டியான முதல் பாலை இலை போட்ட பிறகுதான் ஊற்றவேண்டும். ஊற்றி, ஓரம் நுரைத்ததும் இறக்கி, எலுமிச்சை பிழிந்து, உடனே பரிமாறவேண்டும். அடுப்பில் விட்டால் திரிந்துவிடும். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. சொதி எப்படி அமைந்தது என்பதை வைத்துப் பெண் வீட்டை எடைபோடுவார்கள்.

என் அக்காவின் கல்யாணம் எழுபதுகளின் பின்பாதியில் நடந்தது. மாப்பிள்ளை வீடு கடையம், எங்களைப் போலவே சைவம். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. மறுவீட்டுச் சொதியில் வேறு கை படக்கூடாது என்று அம்மா சமையல்காரரைக்கூட ஒதுக்கிவிட்டுத் தானே வைத்தாள். உச்சிக்கு வருகிறோம் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. மாப்பிள்ளையின் அண்ணன் ஐந்தருவியில் குளித்துவிட்டுத்தான் சாப்பாடு என்று வேனைக் குற்றாலத்துக்குத் திருப்பிவிட்டார். தெருமுனையில் கார் சத்தம் கேட்டு, "வந்துட்டாவ, வந்துட்டாவ" என்று யாரோ கத்த, அம்மா முதல் பாலை ஊற்றிவிட்டாள். வந்தது வேறு யாருடைய காரோ. ஆறிய சொதியைப் போட முடியாதே என்று இறக்குவதும் ஏற்றுவதுமாக அம்மா தவித்தாள். அவர்கள் தலை ஈரத்தோடு வந்து உட்கார்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சொதி, எண்ணெய் வேறு திப்பி வேறாகப் பிரிந்து கிடந்தது.

மாப்பிள்ளையின் தாயார் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். நான்தான் பரிமாறிக்கொண்டிருந்தேன், கரண்டி என் கையில்.

"ஏன் மைனி, மாப்பிள்ளைக்குத் திரிஞ்ச சொதி போடுத வீடா இது? பொண்ணையும் இப்படித்தான் வளத்திருக்கியளோ?"

அம்மா கையைப் பிசைந்துகொண்டு, "நேரம் ஆயிட்டுல்லா, அதான்" என்றாள்.

"அப்ப எங்க மேல தப்புங்கிய?"

பெரிய அத்தான், அதுதான் ஐந்தருவிக்காரர், ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் போதும். நாங்கதாம்மா லேட்டு என்று ஒரு சொல். அந்த வீட்டில் அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார், வரிசையே எழுந்தது. அன்றைக்குப் பிறகு அவர்கள் அக்காவை எங்கள் வீட்டுக்கு அனுப்பவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது ஊர் வழக்கம். அதற்கும் அனுப்பவில்லை. அம்மா கடையத்துக்குப் போய், பேத்தியை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

ஒருநாள் மதிய இடைவேளையில் டோரதியிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். அக்காவை அம்மா வீட்டுக்கு விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன். டோரதி குரலைத் தாழ்த்தி, "என்ன குற்றம் செய்தாள்?" என்று கேட்டாள். அக்கா சிறையில் இருப்பதாக நினைத்துவிட்டாள். இல்லை, மாமியார் வீட்டில் இருக்கிறாள், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட இல்லை என்றேன். டோரதி கொஞ்சம் யோசித்து, "பனியில் பஸ் ஓடாதோ?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அன்று முழுக்கச் சிரிப்பு வரவில்லை.

சென்ற குளிர்காலத்தில் பெரிய அத்தான் வின்னிபெக்குக்கு வந்தார். தானியக் கிடங்கு பற்றிய பயிற்சிக்கு அவரை வேலை பார்க்கும் இடத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். விடுதியில் தங்கியிருந்தார். இரண்டு வாரமாக ரொட்டியும் ஜாமும்தான் ஆகாரம் என்று போனில் அழாத குறையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள் என்றேன்.

"சொதி வைக்கேன் அத்தான். உச்சிக்கு இலை போட்டுருவேன். சொதி காத்திருக்காது, உங்களுக்கே தெரியும்."

"வந்திருதேம்மா, வந்திருதேன்" என்று சிரித்தார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் பேரில் நான் வைத்திருந்த கணக்கில் அதுவும் சேர்ந்தது.

சொதி வைத்தேன். முருங்கைக்காய் இல்லை என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. அதே காலையில், திங்கட்கிழமைக்கு ஆகட்டும் என்று, ஸ்லோ குக்கரில் கோழி ஸ்டூவையும் போட்டுவைத்தேன். அவர் நேரத்துக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், வந்திருந்தால் வயிறாரப் போட்டு, வாயை மூடிக்கொண்டு அனுப்பியிருப்பேன்.

உச்சி ஆயிற்று. முதல் பாலை ஊற்றி இறக்கினேன். அவர் வரவில்லை. என் கணவருக்கும் எனக்கும் தட்டு வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். இஞ்சிப் பச்சடியோடு, இரண்டாம் முறை, மூன்றாம் முறை. பாத்திரத்தின் அடி தெரிந்தபோது என் கணவர் கையை நிறுத்தினார்.

"ஏட்டி, ஒரு கரண்டியாவது அவருக்கு வைப்போம்."

"எங்க அம்மா வச்சுக்கிட்டுத்தான் இருந்தா. என்ன ஆச்சு?"

"நீ சமைச்சியா, கச்சை கட்டுனியா?"

"ரெண்டும்தான். நீங்க வழிச்சுச் சாப்பிடுங்க."

பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். தயிரையும் மிச்சமில்லாமல் முடித்தோம்.

அவர் வந்தபோது வெளியே பனிக்காற்று சுழன்றடித்துக்கொண்டிருந்தது. புருவமெல்லாம் வெள்ளை. கூட வந்த பயிற்சிக்காரர்கள் உறைந்த ஆற்றில் துளைபோட்டு மீன் பிடிப்பதைக் காட்டக் கூட்டிப்போனார்களாம். "என்ன ஒரு அதிசயம்மா, ஆத்து மேல காரை ஓட்டிட்டுப் போறான்" என்றார். அன்றைக்கு ஐந்தருவி, இன்றைக்கு இது. தண்ணீரைக் கண்டால் அந்த மனிதருக்கு மற்றவர் வீட்டு அடுப்பு மறந்துவிடும்.

"இலையப் போடும்மா. பசி காதை அடைக்கி."

"சொதி தீந்துட்டு அத்தான்."

"தீந்துட்டா? எல்லாமா?"

"காத்திருக்காதுன்னு சொன்னேம்லா. வச்சிருந்தா திரிஞ்சிரும். திரிஞ்ச சொதிய உங்களுக்குப் போடலாமா?"

அப்போதுதான் உறைத்தது. என்னைப் பார்க்காமல் கவிழ்த்து வைத்த பாத்திரத்தைப் பார்த்தார். "தயிர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "வேற என்ன இருக்கு?" சோறு இருக்கிறது, ரொட்டி இருக்கிறது, ஜாம் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னேன். ஜாம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். மூக்கு மட்டும் ஸ்லோ குக்கர் பக்கம் திரும்பியது.

"அதுல என்னம்மா வேகுது?"

இந்த இடத்தில் நான் எது வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சொதி என்றே சொல்லியிருக்கலாம், அவர் நம்பியிருப்பார். ஆனால் தெரியாமல் ஊட்டினால் அது என் பாவம். தெரிந்து தின்றால் அவர் பாவம். எனக்கு இரண்டாவதுதான் வேண்டியிருந்தது.

"கோழி" என்றேன். "எலும்போட."

நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பனியில் பஸ் நின்றுபோயிருந்தது. பிறகு ஓர் உயர்நீதிமன்றத் தீர்ப்பைப் போலச் சொன்னார்: "குழம்பை மட்டும் ஊத்து. கறி வேண்டாம்."

என் கணவர் இருமல் வந்ததுபோல எழுந்து போய்விட்டார். குழம்பை மட்டும் ஊற்றினேன். சாப்பிட்டார். "கிழங்கு வச்சிக்கலாம்லா? அது காய்தானே" என்றார். கிழங்கு வைத்தேன். மூன்றாம் முறை நான் கரண்டியைத் தாழ்த்தி எடுத்தபோது தொடைக்கறி ஒன்று வந்து விழுந்தது. அவர் அதை எடுக்கச் சொல்லவில்லை. எலும்பைத் தட்டின் ஓரத்தில், முருங்கைக்காய்ச் சக்கையை ஒதுக்குவது போல, பவ்வியமாக ஒதுக்கி வைத்தார்.

அன்று மாலை கடையத்துக்கு அவர் பேச ஏற்கெனவே கால் பதிவு செய்திருந்தோம். அவர்கள் பக்கத்து வீட்டில் போன் உண்டு, அத்தை, அதுதான் அக்காவின் மாமியார், அங்கே வந்து காத்திருந்தாள். கடல் தாண்டிக் கேட்கவேண்டும் என்று அவள் கத்தியது கூடத்து மறுகோடியில் நின்ற எனக்கே கேட்டது.

"ஏலே ஐயா, சாப்ட்டியா? அவ என்னத்தப் போட்டா? திரிஞ்ச சொதியா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தச் சிரிப்பு கெடாமல் இருந்தது. நான் அருகில் போய்க் கையை நீட்டினேன். "கொடுங்க அத்தான். என்ன போட்டேன்னு நானே சொல்லுதேன்."

அவர் ரிசீவரைப் பொத்தினார். "வேண்டாம்மா. அம்மா உயிரை விட்டுருவா."

"எங்க அம்மா விடலையே. வாசல்ல நின்னு பேத்தியப் பாத்துட்டு வந்தா, உயிரோடதான் இருக்கா."

"என்னம்மா செய்யணுங்கே?"

"சாரல் விழுந்ததும் அக்காவையும் பிள்ளையையும் தென்காசிக்கு அனுப்புங்க. இந்தச் சீசன் மட்டுமில்லை, எல்லாச் சீசனும். இப்பவே சொல்லுங்க, உங்க வாயால."

அவர் பொத்திய கையை எடுத்தார். "அம்மா, சொதி நல்லாத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு. இந்தச் சீசனுக்குத் தம்பி பொண்டாட்டிய அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிருவோம்."

"என்னலே, குளிர்ல கிறுக்கு பிடிச்சிட்டா?"

"நான் சொல்லுதேம்லா. அனுப்பணும். பிறவு அன்னைக்கி லேட்டா போனது நாமதாம்மா. நாந்தான்."

கடைசி இரண்டு வாக்கியத்தை நான் கேட்டு வாங்கவில்லை. அவராகச் சொன்னார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், இல்லை. அந்தச் சொல்லுக்கு அன்றைக்குத்தான் விலை உண்டு. பிந்திய சொல், ஆறிய சொதி.

இதில் டோரதியைத் தவிர யார் பெயரையும் நான் எழுதவில்லை. அவர்கள் ஊர் கடையம் என்பதை மட்டும் வேண்டுமென்றே மறைக்காமல் விட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பத்திரிகை அந்த ஊர் நூலகத்துக்கும் போகிறது என்று எனக்குத் தெரியும். பெரிய அத்தான் வாசிக்கவேண்டும். அடுத்த சீசனும் வரும், அதற்கடுத்ததும் வரும், பெயரோடு எழுத என்னிடம் காகிதம் இருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் அக்கா தென்காசிக்குப் போனாள். தெருவில் போன் உள்ள வீட்டுக்கு வந்து என்னோடு பேசினாள். "ஏட்டி, நான் வந்துட்டேன்ட்டி" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பழைய குற்றாலத்தில் குளித்தார்களாம், பிள்ளை தண்ணீரைவிட்டு வரமாட்டேன் என்று அழுததாம். நாங்கள் இருவரும் படுத்த அறையில், நான் படுத்த இடத்தில்தான் பிள்ளை தூங்குகிறாளாம். அம்மா ரிசீவரை வாங்கி அழுதாள், சிரித்தாள், ஒன்றும் விளங்கவில்லை. மறுபடியும் அக்கா வந்தாள்.

"என்னையத்தான் அனுப்பிட்டாங்கள்லா. நீ எப்ப வருத?"

பட்டறையில் லீவு இருக்கிறது. என் மாமியார் வீட்டார் ஒரு சொல் சொன்னதில்லை. என் கணவர், போய் வா, நான் சமாளிக்கிறேன் என்று வருடந்தோறும் சொல்கிறார். சன்னலுக்கு வெளியே இந்த ஊரின் குட்டையான கோடை, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார், நான் நட்ட தக்காளிக்குத் தண்ணீர் விடவேண்டியிருந்தது. வருதேன், வருதேன் என்றேன். அக்காவை அனுப்பாமல் வைத்திருந்தது யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் பழிவாங்க முடிந்தது. என்னை அனுப்பாமல் வைத்திருப்பது யார் என்று தெரியவில்லை.