எந்த வருஷத்திலிருந்து?

போன மாதம் ஆலிஸ் வருவதைப் பார்த்தாலே எங்கள் தெருவில் கதவைச் சாத்தினார்கள். வாசல்படி எப்போது கட்டியது என்று கேட்டே உயிரை எடுத்தாள். எங்கள் சடையங்குப்பத்தில் ஒவ்வொரு வெள்ளமும் வடிந்ததும் தரையை உயர்த்தி வாசலில் ஒரு படி கூட்டுவோம். அதற்கு யார் தேதி வைத்திருக்கிறார்கள்?

ஆலிஸ் பத்தாவது வரை படித்தவள். புருஷன் சைமனுக்குத் துறைமுகத்தில் வேலை. தெருவுக்கே மனு எழுதித் தருவது இவள்தான். இந்த இடம் இயல்பாகவே வெள்ளம் தேங்கும் பகுதி, காலி செய்யுங்கள் என்று நோட்டீஸ் வந்தது. விசாரணைக்குப் பத்தே நாள்.

"வூடு போவுதேன்னு பேஜாராகீது, நீ படியை எண்ணிக்கினுகீறே?" என்று எரிந்து விழுந்தேன்.

"எப்பவும் இப்டித்தான்னு ஒருத்தன் சொன்னா, அந்த எப்பவும் என்னிக்கு ஆரம்பிச்சதுன்னு பாக்கணும் கௌசர்க்கா."

மகனுக்குச் சர்ச்சில் புதுநன்மை கொடுத்த வருஷம், மகள் நிக்காஹ் நடந்த வருஷம் என்று ஆளுக்கு ஒன்றைச் சொன்னோம். அவள் கணக்குப் போட்டு எழுதினாள். கிழக்கே ஒரு கம்பெனி மண் கொட்டிக் கால்வாயை அடைத்தது ரெண்டாயிரத்து ஆறில். அதற்கு முன் ஒரு வீட்டிலும் கூடுதல் படி இல்லை. இத்தனை வருஷம் நான் மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

விசாரணையில் அந்தப் பட்டியலை நீட்டினாள். அதிகாரி பதிலுக்கு ஒரு பழைய மனுவை எடுத்தார். வெள்ள நிவாரணம் கேட்டு நாங்கள் கொடுத்தது. 'தலைமுறை தலைமுறையாக மூழ்கும் தெரு' என்று ஆலிஸின் கையெழுத்தில் இருந்தது. கீழே எங்கள் எல்லோருடைய கையெழுத்தும்.

"நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார். தேதியப் பாருங்க. ரெண்டாயிரத்து ஏழு, கால்வாய அடைச்ச மறு வருஷம். தலைமுறைன்னு அன்னிக்குத்தான் மொத மொத எழுதினோம்."

"அப்போ இது பொய்யா?"

அவள் திரும்பி எங்களைப் பார்த்தாள். பொய் என்றால் நிவாரணம் வாங்கிய அத்தனை பேரும் மாட்டுவோம். உண்மை என்றால் வீடு போகும். ஒருவரும் தலை நிமிரவில்லை.

"பொய்தான் சார். நான்தான் எழுதினேன். கேஸ என்மேல போட்டுக்கோங்க."

அவர் பேனாவைத் திறந்தார். நான் எழுந்துவிட்டேன்.

"தலைமுறைன்னு போடு, அப்பத்தான் குடுப்பாங்கன்னு சொன்னது நான். அதையும் எழுதிக்க சார்."